பேராசிரியர் சேஷாத்ரியும் ஒரு சொல்லும்

நம் சங்கத்தின் மாலைக் கூட்டமொன்றில் சென்ற ஆண்டு என்னைப் பேசச் சொன்னார்கள். அறிவியல் பயிலும் மாணவன் ஒருவன் தன் பாடத்திலிருந்து ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் தமிழிலேயே பேச வேண்டும் என்பது ஏற்பாடு. முதுநிலை இரசாயன வகுப்பில் அப்போது மலர்களின் நிறப்பொருள்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே அதனையே பேசுபொருளாகக் கொண்டேன். பேச்சின் நடுவே 'நியூக்ளியர் ஆக்சிடேஷன்' என்ற சொல் வந்தது. சிறிதும் தயங்காமல் அதனை 'அணுக்கரு ஆக்சிஜனேற்றம்' என்று தமிழாக்கிவிட்டு மேலே சென்றேன்.

பேச்சு முடிந்ததும், சித்தூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்தார். தம்பி என்று அன்போடு அழைத்து, தமக்கு ஓர் ஐயம் என்றார். அணுக்கரு என்பது அணுவின் உள்ளே இருப்பது என்றும், அதனைப் பிளப்பதால்தான் அணுகுண்டு வெடிக்கிறது என்றும் தாம் படித்திருப்பதாகச் சொன்னார். அத்தகைய கருவிற்குள் ஆக்சிஜன் போய்ச் சேருமா, அதுவும் ஒரு பருத்திப் பூவிற்குள் சேருமா என்று கேட்டார். நான் விழித்தேன். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் மேலும் வருத்தவில்லை. பேருந்து நிலையம் வரை உடன் சென்று வழியனுப்பியபோது, விடை தெரிந்ததும் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவருக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அன்றிரவு விடுதியில் எனக்கு உறக்கம் வரவில்லை. அச்சொல்லை ஆங்கிலத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். தமிழில் சொல்லப் புகுந்தபோதுதான் அதன் பொருள் எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. என் கதையும் ஒருவாறு அதற்குக் காரணம். நான் பிறந்தது திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். தந்தையாருக்குச் சித்தூரில் மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துக் குடும்பம் இங்கு வந்தபோது எனக்கு வயது நான்கு. பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வளர்ந்தேன். தமிழ் எழுத்துக்களை அம்மாவிடம் கற்றேன். நம்மில் பலருடைய கதையும் இதுவே அல்லவா?

மறுநாள் நூலகத்தில் அச்சொல்லைத் தேடத் தொடங்கினேன். பழைய ஆராய்ச்சி இதழ்களில் அது எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் ஒரே பெயர் உடன் வந்தது. அப்பெயர் டி. ஆர். சேஷாத்ரி.

வேங்கடமும் சேஷாத்ரியும்

திருவேங்கட ராஜேந்திர சேஷாத்ரி என்பது அப்பெரியாரின் முழுப்பெயர். நாள்தோறும் விடுதி வாயிலில் நின்று நாம் காணும் ஏழு மலைகளுள் ஒன்று வேங்கடாத்ரி, மற்றொன்று சேஷாத்ரி. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் காட்டுவதும் இவ்வேங்கடத்தையே. அவர் இவ்வூரில் பணியாற்றியவர் அல்லர். எனினும் நம் மலையின் இரு பெயர்களைத் தம் பெயரில் தாங்கியவர், எல்லைக்குத் தெற்கே பிறந்து எல்லைக்கு வடக்கே வாழ்ந்து புகழ் பெற்றார் என்பதை அறிந்தபோது அவர்மீது எனக்கொரு தனிப் பற்று உண்டாயிற்று.

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் அவர் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். செல்வம் நிறைந்த குடும்பமன்று. கல்விக்குக் குறைவில்லாத குடும்பம். திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பள்ளிக் கல்வியை முடித்துக்கொண்டு, 1917இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து இரசாயனம் பயின்றார். படிப்புச் செலவுக்கு இராமகிருஷ்ண இயக்கத்தார் கைகொடுத்தனர். அந்நன்றியை அவர் மறந்தாரில்லை. பட்டம் பெற்றபின் ஓராண்டுக் காலம் அவ்வியக்கத்தின் பணியிலேயே இருந்தார். பிற்காலத்தில் உயர்ந்த பதவிகளில் இருந்தபோதும் அவர் வாழ்க்கை எளிமையாகவே இருந்தது என்றால், அதன் வித்து அங்கே ஊன்றப்பட்டது எனலாம்.

மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பிமன் பிகாரி தே என்பவரிடம் ஆராய்ச்சியின் முதற் பாடங்களைக் கற்றார். 1927இல் சென்னை அரசாங்கத்தின் உதவித்தொகை கிடைத்தது. கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றார்.

மூன்று ஆசிரியர்கள்

மேல்நாட்டில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் மூவர். மூவரிடமும் அவர் கற்றவை பின்னாளில் அவர் ஆராய்ச்சிக்கு மூன்று கால்களாக நின்றன.

முதலாமவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் ராபின்சன். மலர்களின் நிறப்பொருள்களை ஆய்வுக்கூடத்தில் தொகுத்துக் காட்டியவர். 1947இல் நோபல் பரிசு பெற்றவர். செடி தன்னுள்ளே ஒரு பொருளை எப்படிக் கட்டுகிறது என்று எண்ணிப் பார்க்கும் வழக்கத்தைச் சேஷாத்ரி அவரிடமிருந்து பெற்றார். 1929இல் மான்செஸ்டரில் டாக்டர் பட்டம் கிடைத்தது.

இரண்டாமவர் ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரில் இருந்த ஃபிரிட்ஸ் பிரெகல். ஒரு பொருளில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று காண அதற்குமுன் நிறையப் பொருள் வேண்டியிருந்தது. பிரெகல் அதனைச் சில மில்லிகிராம் கொண்டே செய்து காட்டினார். அதற்காக 1923இல் நோபல் பரிசு பெற்றார். கூடை கூடையாகப் பூக்களைக் கொதிக்க வைத்தாலும் கடைசியில் கிடைப்பது ஒரு சிட்டிகை நிறப்பொருளே. அச்சிட்டிகையையும் வீணாக்காமல் ஆராயும் கைத்திறனைச் சேஷாத்ரி அங்கே கற்றுக்கொண்டார்.

மூன்றாமவர் எடின்பரோவில் இருந்த ஜார்ஜ் பார்கர். செடிகளின் ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுக்கும் முறையை அவரிடம் பயின்றார்.

1930இல் தாயகம் திரும்பினார். சென்னையிலும், பின்னர்க் கோயம்புத்தூர் வேளாண்மை ஆராய்ச்சிக் கூடத்திலும் சில காலம் பணியாற்றினார். அதன்பின் ஆந்திரப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது.

வால்ட்டேரில் ஒரு தமிழர்

இங்கே சித்தூர்க்காரர்களாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அழைப்பு வந்த காலத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் பிறந்த திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இளமையில் அவர் படித்த பள்ளிகளுள் ஒன்று நம் திருப்பதியில் இருந்தது. அவருக்குப்பின் 1936 முதல் 1949 வரை துணைவேந்தராக விளங்கியவர் தெலுங்குக் கவிஞரும் திறனாய்வாளருமான கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி. கட்டமஞ்சி சித்தூரை ஒட்டிய ஊர். என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். குளித்தலைத் தமிழர் ஒருவர் தெலுங்கு மாணவர்களுக்குப் பேராசிரியராகிப் பதினைந்து ஆண்டு ஆராய்ச்சி செய்த காலம் முழுவதும், அப்பல்கலைக்கழகத்தை நடத்தியவர்கள் இந்த மண்ணோடு தொடர்புடையவர்களே. தமிழர் என்றோ தெலுங்கர் என்றோ அவர்கள் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வால்ட்டேரில் அவருக்கு இருந்த வசதிகள் மிகக் குறைவு. மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் இருந்த கருவிகள் அங்கு இல்லை. ஆனால் கடற்கரையிலும் வயல்வெளியிலும் பூக்கள் இருந்தன. பருத்திப் பூ, பூவரசம் பூ, புளிச்சைப் பூ, புங்கவிதை எண்ணெய் ஆகியவற்றையே அவரும் அவர் மாணவர்களும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பொருள்கள்! கோங்குரா என்று தெலுங்கர் விரும்பி உண்ணும் புளிச்சைக்கீரையின் பூவிலிருந்து ஹைபிசிட்டின் என்னும் புதிய மஞ்சள் நிறப்பொருளைப் பிரித்தெடுத்தனர். பூவரசம் பூவிலும், கம்போடியாப் பருத்தியின் பூவிலும் உள்ளவற்றை ஒவ்வொன்றாக இனம் கண்டனர்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942 ஏப்ரல் 6ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின்மீது குண்டு வீசின. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. கட்டி எழுப்பிய ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு வேற்றூரில் மீண்டும் தொடங்குவது எளிதன்று. ஆயினும் அவ்வாண்டுகளிலும் அவர் கட்டுரைகள் இதழ்களில் இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தன. எந்த ஆண்டு எங்கே குண்டு விழுந்தது என்பதை அவற்றிலிருந்து கண்டுபிடிக்க இயலாது.

சொல்லின் பொருள்

இப்போது தமிழாசிரியரின் கேள்விக்கு வருகிறேன்.

நியூக்ளியஸ் என்பது இலத்தீன் சொல். கொட்டை என்னும் பொருளுடைய நுக்ஸ் என்பதிலிருந்து வந்தது. கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பே நியூக்ளியஸ். 1831இல் ராபர்ட் பிரௌன் செடியின் உயிரணுவுக்குள் கண்டதற்கு இப்பெயரை வைத்தார். 1830களிலேயே லோரான் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞரும் கரிமப் பொருள்களுக்கு ஒரு கரு உண்டு என்று கொள்கை வகுத்தார். 1865இல் கெக்குலே பென்சீனுக்கு வளைய வடிவம் கண்டபோது, நறுமணச் சேர்மங்கள் அனைத்துக்கும் பொதுவான கரு ஆறு கார்பன் அணுக்களால் ஆனது என்றார். அணுவின் உள்ளே கரு இருப்பதை ரூதர்போர்டு வெளியிட்டதோ 1911இல்! ஆகவே இரசாயனத்தின் கரு, பௌதிகத்தின் அணுக்கருவைவிட வயதில் மூத்தது. இளையவனின் பெயரை மூத்தவனுக்குச் சூட்டியதே நான் செய்த பிழை.

இரசாயனத்தில் கரு என்றால் நடுவில் இருப்பது என்று பொருள் அன்று. தெலுங்குப் பள்ளியில் 'கேந்திரகம்' என்று கற்ற எனக்கு மையம் என்ற எண்ணமே மனத்தில் பதிந்திருந்தது. பென்சீன் வளையத்தின் மையத்தில் அணு எதுவும் இல்லை. எது நிலைத்து நிற்கிறதோ அது கரு. எது அதன்மேல் தொங்குகிறதோ அது பக்கச் சங்கிலி. ஒன்றைச் சொல்லாமல் மற்றொன்று விளங்காது.

டொலுவீனை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சீன் வளையத்தில் ஒரு மெதில் தொங்கினால் அது டொலுவீன். கொதிக்கும் டொலுவீனில் ஒளி பட வைத்துக் குளோரினைச் செலுத்தினால், குளோரின் தொங்கும் மெதிலில் போய் அமரும். ஒளியில்லாமல், இரும்பு வினையூக்கியாக இருக்கச் செலுத்தினால் வளையத்தின் கார்பனிலேயே அமரும். முன்னது பக்கச் சங்கிலியில் நிகழ்வது. பின்னது கருவில் நிகழ்வது. இப்பின்னதற்குத்தான் நியூக்ளியர் என்ற அடைமொழி. அணு பிளப்பதும் இல்லை, வெடிப்பதும் இல்லை.

சேஷாத்ரி இச்சொல்லுக்குக் கொடுத்த பயன் இன்னும் ஆழமானது. மலர்களின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான ஃபிளேவனால்களில் மூன்று பொருள்கள் மிகவும் பரவலாகக் கிடைப்பவை: கெம்ஃபெரால், குவெர்சிட்டின், மிரிசிட்டின். வெங்காயத்தின் வெளித்தோலில் மிகுதியாக இருப்பது குவெர்சிட்டின். பருத்தி, புளிச்சை முதலியவற்றின் பூக்களிலோ வேறு மூன்று பொருள்கள் கிடைத்தன: ஹெர்பாசிட்டின், காசிப்பிட்டின், ஹைபிசிட்டின். இவற்றின் அமைப்பை அருகருகே எழுதிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கெம்ஃபெராலின் எட்டாம் இடத்தில் ஓர் ஹைட்ராக்சில் கூடினால் ஹெர்பாசிட்டின். குவெர்சிட்டினில் அதே இடத்தில் கூடினால் காசிப்பிட்டின். மிரிசிட்டினில் கூடினால் ஹைபிசிட்டின். மூன்றிலும் இடம் ஒன்றே, கூடியதும் ஒன்றே.

இது தற்செயலாக நிகழ்ந்திருக்க முடியாது என்று அவர் எண்ணினார். செடி முதலில் எளிய பொருளைக் கட்டிவிடுகிறது. பிறகு அதன் வளையத்தை உடைக்காமல், வளையக் கார்பனில் ஓர் ஆக்சிஜனை மட்டும் சேர்க்கிறது என்று கருதினார். இதுதான் நியூக்ளியர் ஆக்சிடேஷன்.

எண்ணியதோடு நில்லாமல் குடுவையிலும் செய்து காட்டினார். ஜெர்மன் அறிஞர் எல்ப்ஸ் 1893இல் கண்ட பழைய வினை ஒன்று உண்டு. ஃபீனால் வகைப் பொருளைக் காரக் கரைசலில் கரைத்து, குளிர்ந்த நிலையில் பெர்சல்ஃபேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், ஏற்கெனவே உள்ள ஹைட்ராக்சிலுக்கு நேர் எதிரே வளையத்தில் இன்னொன்று வந்து சேரும். ஃபிளேவனாலின் ஐந்தாம் இடத்து ஹைட்ராக்சிலுக்கு நேர் எதிரே இருப்பது எட்டாம் இடம். எனவே மற்ற ஹைட்ராக்சில்களை மெதிலால் மூடி, ஐந்தாவதை மட்டும் திறந்து வைத்து இவ்வினையைச் செய்தார். செடி சேர்த்த அதே இடத்தில் ஆக்சிஜன் சேர்ந்தது. குவெர்சிட்டினிலிருந்து காசிப்பிட்டினுக்குப் பாதை திறந்தது.

இதே போன்றது நியூக்ளியர் மெதிலேஷன். வழக்கமாக மெதில் அயோடைடு ஃபீனாலின் ஆக்சிஜனில் மெதிலைச் சேர்க்கும். இரண்டு ஹைட்ராக்சில்கள் ஒன்றுவிட்டு ஒன்று நிற்கும் வளையத்தில், காரம் கலந்த மெதில் ஆல்கஹாலில் அதே அயோடைடைச் சேர்த்தால், மெதில் வளையத்தின் கார்பனையே பற்றிக்கொள்வதும் உண்டு. ஆக்சிஜனில் சேர்ந்த மெதிலை அமிலம் கொண்டு கழற்றிவிடலாம். கருவில் சேர்ந்த மெதில் எளிதில் கழலாது. கருவில் என்று அவர் அழுத்திச் சொன்னதன் காரணம் இதுவே. சட்டையை மாற்றுவதற்கும் உடம்பில் பச்சை குத்திக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு போன்றது அது.

இன்று இச்சொற்களை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அரிதாகவே காண்கிறோம். வளைய ஹைட்ராக்சிலேற்றம் என்றும், கார்பன் மெதிலேற்றம் என்றும் இப்போது எழுதுகிறார்கள். பொருள் மாறவில்லை. குழப்பம் நேராதிருக்கப் பெயர் மாறியிருக்கிறது. ஒரே பொருளின் அமைப்பைக் காண நாம் பயன்படுத்தும் நியூக்ளியர் காந்த ஒத்ததிர்வில் வரும் நியூக்ளியஸ் அணுக்கரு. 1930களில் இங்கோல்டு வழங்கிய நியூக்ளியோஃபைல் என்ற சொல்லில் வருவதும் நேர்மின் உடைய அணுக்கருவே. இம்மூன்றும் ஒரே பக்கத்தில் வரும்போது, முதலில் சொன்னதை 'வளையக்கரு ஆக்சிஜனேற்றம்' என்று தமிழில் எழுதினால் ஐயம் நீங்கும் என்பது என் எண்ணம். தமிழாசிரியர் ஐயா இதனை ஏற்பாரா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

செம்மரத்தின் நிறம்

1949இல் சேஷாத்ரி தில்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு அவர் துறை உலகெங்கும் அறியப்பட்ட ஆராய்ச்சிப் பள்ளியாக வளர்ந்தது. பூக்களிலிருந்து பாறைப்பாசிகளுக்கும், மரப்பட்டைகளுக்கும், மரத்தின் வயிரத்துக்கும் அவர் கவனம் சென்றது. 1970களின் தொடக்கத்தில் அவர் ஆய்வு செய்த மரங்களுள் ஒன்று, நம் சேஷாசலக் காட்டுச் செம்மரம்.

இம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான் வளர்கிறது. அதன் வயிரத்தைச் சிவப்பாக்கும் பொருள்களுள் முதன்மையானவை சாண்டலின்கள். தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரைந்து இரத்தம் போல் சிவக்கும். அதன் பெரிய மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்னும் புதிரை அவிழ்க்க முயன்றவர்களுள் எழுபது வயது கடந்த சேஷாத்ரியும் ஒருவர். அப்பத்தாண்டிலேயே அதன் அமைப்பு துலங்கியது. 2013இல் அதனை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகத் தொகுத்தும் காட்டினர்.

இவ்வரிகளை எழுதும்போது எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வருகிறது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை அடுத்த இக்காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபது பேர் மாண்டனர். அவர்களில் பலர் என் பிறந்த மாவட்டத்தவர். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சில நாள்கள் பேருந்தில் உரக்கத் தமிழ் பேச வேண்டாம் என்று அம்மா எங்களைத் தடுத்தார். அந்த மரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தந்தையாரைக் கேட்டேன். நிறம் என்றார் அவர். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பல ஆண்டு கழித்து, சேஷாத்ரியின் கட்டுரையில் சாண்டலினின் பெயரைக் கண்டபோது அந்தக் கேள்விக்கு விடையின் ஒரு பகுதியேனும் கிடைத்ததாக உணர்ந்தேன். ஒரு மரத்தின் நிறத்தைக் காசாக எண்ணலாம், குற்றமாக எண்ணலாம், வறுமைக்கு ஒரு வழியாகவும் எண்ணலாம். அதன் வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. அவ்வழியில் செல்ல ஒருவனுக்குக் கோடரி வேண்டா. படிப்பு வேண்டும், படிக்க வைப்பார் வேண்டும். இளமையில் சேஷாத்ரிக்கு அந்த உதவி கிடைத்தது. காட்டில் மாண்டவர்களுக்கு அது கிடைத்ததா என்பதை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு, படிக்கும் வாய்ப்புப் பெற்ற நமக்கு இருக்கிறது.

நிறைவு

1960இல் இலண்டன் இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1963இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்தது. 1967இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1965இல் ஓய்வு பெற்ற பின்னும் ஆய்வை விட்டாரில்லை. 1975 செப்டம்பர் 27ஆம் நாள் மறைந்தபோது, அவரும் அவர் மாணவர்களும் வெளியிட்ட கட்டுரைகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. அவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் பயின்றவர்கள் நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்தனர்.

இவ்வெண்களைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மற்றொன்று. குளித்தலை, திருவரங்கம், சென்னை, மான்செஸ்டர், கிராட்ஸ், எடின்பரோ, கோவை, வால்ட்டேர், குண்டூர், தில்லி என்று அவர் எத்தனை ஊர் மாறினார்! ஒவ்வோர் ஊரும் அவருக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்தது. எந்த ஊரும் அவரை உடைக்கவில்லை. எளிய பொருளை எடுத்து, உள்ளதைச் சிதைக்காமல், இல்லாததைச் சேர்ப்பது என்ற அந்த வினை அவர் குடுவையில் நிகழ்ந்தது போலவே அவர் வாழ்விலும் நிகழ்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்து, மொழி மாறிப் படிக்கும் நமக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன வேண்டும்?

தோழர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பௌதிகம் படிப்பவரோ, உயிரியல் படிப்பவரோ, கணிதம் படிப்பவரோ, உங்கள் துறையில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதை விடுமுறையில் வீட்டிற்குச் சென்று, அத்துறை அறியாத ஒருவருக்கு நம் மொழியில் விளக்கிப் பாருங்கள். விளக்க முடிந்தால் அச்சொல் உங்களுடையது. முடியாவிட்டால் அது இன்னும் புத்தகத்தினுடையது.

நான் சென்ற கோடையில் அப்படிச் செய்தேன். மாங்கூழ்த் தொழிற்சாலையில் பருவம் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்த தந்தையாரிடம், வாசலில் கிடந்த ஒரு மாங்கொட்டையை உடைத்துப் பருப்பைக் காட்டித் தொடங்கினேன். வளையத்தையும், அதில் தொங்குவதையும், பெர்சல்ஃபேட்டையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நீங்கள் காரமும் குளிர்நீரும் வைத்து ஒருநாள் முழுதும் செய்வதை, அந்தப் பருத்திச் செடி வெயிலில் நின்றுகொண்டே எப்படிச் செய்கிறது என்று கடைசியில் கேட்டார்.

செடியின் உயிரணுக்களில் அதற்கென்றே அமைந்த நொதிகள் அவ்வேலையைச் செய்கின்றன என்று விளக்கினேன். அன்று இரவு உணவு ஆறிப்போகும் வரை நாங்கள் இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். முழுவதும் தமிழில்.